தலைவி அம்மாவின் வருகை நூற்றுக்கு நூறு

முக்கரத் திட்டத்தின் சின்னத்தில் மூன்று கைகள் ஒன்றையொன்று மணிக்கட்டில் பிடித்திருக்கும். ஒன்று பள்ளி, ஒன்று குடும்பம், ஒன்று சமூகம். முதலில் வரைந்த படத்தில் நடுவே புத்தகப் பையோடு ஒரு குழந்தையும் நின்றதாம். குழந்தையைச் சுற்றிக் கைகளை வளைத்தபோது பிடி இறுக்கமாக அமையவில்லை, விரல்களும் சரியாகத் தெரியவில்லை என்று மேலிடத்தில் அபிப்பிராயப்பட்டார்கள். குழந்தையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சின்னம் பார்வைக்கு மிக நன்றாக இருந்தது.

சாந்தோம் பக்கத்திலிருக்கும் கடலோர மகளிர் மேல்நிலைப் பள்ளியின் வாசல் சுவரில் அதைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தேசம்மா அதை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ மூன்று பேர் கைகலப்பில் இருப்பதாகத்தான் நினைத்தாள்.

அவளை அங்கே வரவழைத்தது ஒரு காய்ச்சல். அவளுடைய மகள் ஜெனிதா, பிளஸ் டூ உயிரியல் பிரிவு, காய்ச்சலில் படுத்து எழுந்து பள்ளிக்குப் போனாள். போன அன்றே வகுப்பாசிரியை பொன்மணி, "உங்கம்மாவ நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. திட்டத்துல இருந்து," என்று சொல்லியனுப்பினாள். சொல்லும்போது பொன்மணி டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஜெனிதா பிற்பாடு சொன்னாள்.

கடற்கரைச் சாலையில் மீன் கடை போடுகிறவர்களுக்குப் பத்து மணிதான் பிழைப்பு. விடியலில் கரையில் ஏலம் எடுத்த மீன் உச்சி வெயிலுக்குள் போயாக வேண்டும். பக்கத்துக் கடை தாயம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையால் மீன் வெட்டி வாங்கினார்களோ, வாடிக்கை அந்தக் கைக்குத்தான் சேரும். ஒரு முறை தாயம்மா வெட்டிக் கொடுத்துவிட்டால் மறுநாள் அவர்கள் தாயம்மாவிடம்தான் போவார்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளவும் கூடாது, திருப்பிக் கேட்கவும் கூடாது. ஆகவே கடையில் சொந்த வீட்டுக் கை இருந்தாக வேண்டும். கணவர் ஆரோக்கியராஜ் காசிமேட்டு விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும்போது தூங்குகிறவர். வீட்டில் மிச்சமிருந்த கை ஜெனிதாவினுடையது.

"நீ போய்ட்டு வாம்மா. ஒரு நாள்தான? நான் ஒக்காந்துக்கறேன்," என்றாள் ஜெனிதா. உயிரியல் புத்தகத்தை ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பள்ளியின் கூட்ட அறையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் மதிவாணன், முக்கரத் திட்டத்தின் பகுதி ஒருங்கிணைப்பாளர். மற்றவர் பஞ்சாட்சரம், மயிலாப்பூரில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். அவர்தான் சமூகம். சமூகம் எப்போதும் நடு நாற்காலியில் உட்காரும். வரத் தாமதமானால் நாற்காலி காத்திருக்கும்.

"பொண்ணு ஏன் வரல?" என்று கேட்டார் மதிவாணன்.

"காய்ச்சல் சார்."

"அது உடல் சார்ந்த காரணம். நாங்க கேக்கறது குடும்பம் சார்ந்த காரணம்."

தேசம்மா யோசித்தாள். பெரியவர்கள் கேட்கும்போது இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "காய்ச்சலு மொதல்ல எனக்குத்தான் சார் வந்துச்சு. என்னான்ட இருந்துதான் அதுக்குத் தொத்திக்கிச்சு."

"பாத்தீங்களா," என்றார் மதிவாணன் சமூகத்தைப் பார்த்து. "நோண்டினா வீட்லதான் வந்து நிக்கும்."

சமூகம் தலையாட்டியது. பிறகு மூவரும் எழுந்து நின்று மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தார்கள். பஞ்சாட்சரம் தன் கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு நீட்டினார். மீன் வாடை அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்த வாரம் மறுபடி அழைப்பு வந்தது.

"போன வியாழக்கெழம உங்க பொண்ணு ஸ்கூலுக்கு வரல," என்றார் மதிவாணன்.

"அன்னிக்கி நான் இங்கதான சார் இருந்தேன். இதே சேர்ல."

"நீங்க இருந்தீங்க. அத நாங்க மனமாரப் பாராட்டறோம். பொண்ணு எங்க இருந்துச்சு?"

"கடைல சார்."

"ஏன்?"

"நான் இங்க இருந்ததால."

மதிவாணன் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை, பொறுமைக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர். "அம்மா, ஒண்ணு பெற்றோர் வருகை, இன்னொண்ணு மாணவர் வருகை. ரெண்டும் தனித்தனி. போட்டுக் கொழப்பிக்கக் கூடாது. எங்க ஆபீஸ்லயே ரெண்டுக்கும் வேற வேற மாடி."

"இன்னிக்கும் அது கடைலதான் சார் கீது."

"அப்ப அடுத்த வாரமும் வந்துடுங்க. தொடர் கவனிப்புல வெச்சுடலாம்."

இப்படித்தான் தொடர் கவனிப்பு தொடங்கியது. அவள் வந்தால் மகள் வருவதில்லை. மகள் வராததால் அவள் வர வேண்டியிருந்தது. கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஒரே பெற்றோர் என்ற பெயர் தேசம்மாவுக்கு ஏற்பட்டது. மற்ற பிள்ளைகளின் குடும்பங்களில் பாதியை ஆற்றங்கரையிலிருந்து நகரத்துக்கு வெளியே குடியேற்றியிருந்தார்கள். பிள்ளைகள் விடியலில் பஸ் பிடித்து வந்து சேர்வார்கள். பெற்றோர்களால் அது முடியவில்லை. இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று மதிவாணன் ஒரு கூட்டத்தில் பேசினார். கேட்பதற்குத் தேசம்மா ஒருத்திதான் இருந்தாள். தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றுகொண்டாள்.

அந்தக் கூட்டத்திலேயே பெற்றோர் குழுவுக்குத் தலைவி தேர்தலும் நடந்தது. ஐஸ் உருகியிருக்குமே, போகலாமா என்று கேட்பதற்காகத் தேசம்மா கையைத் தூக்கினாள். மதிவாணனும் பஞ்சாட்சரமும் உடனே தங்கள் கைகளைத் தூக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் மூன்று கை போட்ட பட்டையும் மாட்டி அனுப்பினார்கள்.

கடைக்கு வந்தபோது தாயம்மா அரிவாள்மனையிலிருந்து எழாமலே பார்த்தாள். "இன்னா தலைவி, நெத்திலி கூறு எவ்ளோ? கமிட்டி கூடி முடிவு பண்ணித்தான் சொல்லுவியா?"

"வாய மூடு தாயி. எம் பொண்ணு படிப்புக்காவ மாட்டிக்கினு வந்துகீறேன்."

"படிப்புதான? தோ பாரு, குடைக்கடியில கெளுத்தி வெட்டிக்கினு கீது உம் படிப்பு."

ஜெனிதா சிரித்தாள். அவளுக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஊசி போட்ட நர்ஸ், அம்மாவின் கையில் மீன் முள் குத்திய தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு வலிக்காத இடமாகத் தேடிப் போட்டாள். அன்றைக்கு முடிவு செய்தது. அதற்கு உயிரியல் வேண்டும், பொதுத்தேர்வு வேண்டும். பொதுத்தேர்வு எழுத வருகை வேண்டும். பொன்மணி டீச்சர் மாலையில் காரப்பொடி மீன் வாங்க வருகிற சாக்கில், செதில் சீவி முடிக்கும்வரை அன்றைக்கு நடத்திய பாடத்தைச் சொல்லிவிட்டுப் போவாள். ஜெனிதா கையில் இருக்கும் மீனையே கிழித்துப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"மீனுக்கு இதயத்துல ரெண்டே அறைதாம்மா. நமக்கு நாலு," என்றாள் ஒரு நாள்.

"நமக்கு எதுக்கு அவ்ளோ?" என்றாள் தேசம்மா.

மழைக்காலம் முடிந்ததும் தலைவிகளுக்கு அடையாறில் ஒரு குளுகுளு மண்டபத்தில் பயிற்சி வைத்தார்கள். ஒரு வாரம், காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை. பயிற்சியின் தலைப்பு, 'என் குழந்தையோடு நான் செலவிடும் நேரம்'. மதிவாணன்தான் தொடக்க உரை.

"நேரமில்லன்னு சொல்லாதீங்க. மனசு இருந்தா நேரம் இருக்கும்," என்றார். "என்னையே எடுத்துக்கங்க. என் பையன் படிக்கிறது இங்க பக்கத்துல ஒரு தனியார் பள்ளி. அவன் ஸ்கூலுக்கு நான் ஒரு தடவகூடப் போனதில்ல. எப்படிப் போக முடியும்? இந்தக் கூட்டங்கள நடத்தவே எனக்கு நேரம் பத்தல. ஆனா பையன் பிரமாதமாப் படிக்கிறான். ஏன்னா, அந்த ஸ்கூல்ல கூட்டமே கெடையாது. வெறும் பாடம்தான் நடத்துவாங்க. அது மாதிரியான ஒரு வறட்டுச் சூழல் உங்க பிள்ளைங்களுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் இவ்ளோ பாடுபடறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். தேசம்மாவும் தட்டினாள்.

பிறகு கண்ணை மூடச் சொன்னார்கள். "உங்க குழந்தைய நெனைச்சுக்கங்க. அது இப்ப என்ன பண்ணுது? மனக்கண்ணால பாருங்க." பல தலைவிகள் விசும்பினார்கள். மதிவாணன் தேசம்மாவின் அருகில் வந்து மெல்லிய குரலில், "என்ன தெரியுது?" என்றார்.

"வஞ்சிரம் வெட்டிக்கினு கீது சார்."

"கற்பனையா சொல்லலாம். பட்டாம்பூச்சி பிடிக்கறா, அந்த மாதிரி."

"பதினோரு மணிக்கு வஞ்சிரம்தான் சார் போவும்."

வீட்டுப் பயிற்சிக்காக ஆளுக்கொரு துணிப் பொம்மை கொடுத்தார்கள். பிள்ளையை அணைக்கக் கூச்சப்படுகிற பெற்றோர் பொம்மையை அணைத்துப் பழக வேண்டும். தேசம்மா அதை மீன் கூடையில் போடாமல் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றாள் ஜெனிதா. அவள் கையெல்லாம் செதில்.

"நீதான்னு சொன்னாங்க."

ஜெனிதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் வெச்சிருக்கான். இத்த கொண்டுபோய் கிளாஸ்ல என் எடத்துல ஒக்கார வெச்சிடும்மா. அட்டென்டன்ஸாவது வரும்."

தை மாதத்தில் பொன்மணி டீச்சர் மீன் வாங்காமலே வந்தாள். குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜெனிக்கு வருகை பத்தல தேசம்மா. இப்படியே போனா பரீட்சைக்கு விட மாட்டாங்க. இனிமே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது."

அன்று இரவு தாய்க்கும் மகளுக்கும் சண்டையே இல்லை. தேசம்மா அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மறுநாள் விடியலில் ஏலத்துக்குப் போகும் முன்பே ஜெனிதாவின் சீருடையை மடித்து வைத்தாள். ஜெனிதா பள்ளிக்குப் போனாள். அந்த வாரம் முழுக்கப் போனாள். தேசம்மா கடையை விட்டு அசையவில்லை. கூட்டத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, "வரலன்னு சொல்லு," என்றாள்.

ஆளுக்குப் பதிலாக மதிவாணனே போனில் வந்தார்.

"தலைவி அம்மா, உங்க பொண்ணுக்கு வருகை கொறைவு. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதான் வரல."

"அந்தக் கொறைவ மன்னிக்கலாம். வழி இருக்கு. குடும்பத்தோட முழு ஒத்துழைப்பு இருந்தா குழு சிபாரிசு பண்ணி மன்னிக்கலாம். ஆனா குடும்பத்துலேர்ந்து ஆளே வரலன்னா நான் எத வெச்சு சிபாரிசு பண்றது?"

தேசம்மா போனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப நான் வந்தா, பொண்ணு வராததுக்கு மன்னிப்பு உண்டா சார்?"

"நிச்சயமா. எத்தன கூட்டம் வர்றீங்களோ, அத்தன வலுவு."

அவள் வந்தாள். வலுவு சேர்க்க வேண்டி, கூப்பிடாத கூட்டங்களுக்கும் வந்தாள். போதைத் தடுப்பு உறுதிமொழி, மரம் நடும் ஆலோசனை, கூட்டங்களுக்குப் பெற்றோர் வராதது பற்றிய ஆய்வுக் கூட்டம். கடையில் ஜெனிதா உட்கார்ந்தாள். "கடைசியா ஒருக்கா மன்னிச்சிட்டாங்கன்னா போதும்மா. பாடமெல்லாம் முடிச்சுட்டேன். நீ போ," என்றாள். தாயம்மாகூட ஒரு நாள் வரிசையின் வழக்கத்தை விட்டுக்கொடுத்து, "நான் பாத்துக்கறேன், வாடிக்கைய நீயே வெச்சுக்கோ, பொண்ண அனுப்பு," என்றாள். அன்றைக்குப் பள்ளியில் வகுப்பு நடக்கவில்லை. பள்ளிக்குச் சிறந்த முக்கரப் பள்ளி என்று கேடயம் கிடைத்திருந்ததால் விடுமுறை விட்டிருந்தார்கள். அந்தக் கேடயத்தை மேடையில் ஏறி வாங்கியதும் தேசம்மாதான். தலைவியின் வருகை நூற்றுக்கு நூறு என்று மைக்கில் அறிவித்தார்கள்.

மன்னிப்புக் கூட்டம் மாசி மாதம் கூடியது. பஞ்சாட்சரம் சற்றே நேரம் கழித்து வந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். வருகை குறைந்த பிள்ளைகள் நாலைந்து பேர். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள், தலைவி கையெழுத்துப் போட்டாள், மன்னித்தார்கள். வெளியூரில் குடியேற்றப்பட்ட தேவானையின் மகள் கயலைக்கூட மன்னித்தார்கள். தேவானை ஒரு கூட்டத்துக்கும் வந்தவள் இல்லை.

"அடுத்து, ஜெனிதா," என்றார் மதிவாணன்.

தேசம்மா பேனாவைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கதான் ஒரு சிக்கல்," என்றார் மதிவாணன். "தன் சொந்தப் பிள்ளை விஷயத்துல தலைவி கையெழுத்துப் போடக் கூடாது. அது நேர்மை இல்ல."

"அப்ப நீங்க போடுங்க சார்."

"தலைவி கையெழுத்து இல்லாம செல்லாது."

"அப்ப நான் தலைவி இல்ல. இந்தாங்க," என்று அட்டையைக் கழற்றினாள்.

"தலைவி இல்லன்னா குழுவே இல்ல. குழு இல்லன்னா மன்னிக்கறது யாரு? புதுக் குழு அடுத்த வருஷம்தான். பதட்டப்படாதீங்க. நீங்க மட்டும் இவ்ளோ ஈடுபாடா இல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு இத சுலபமா முடிச்சிருக்கலாம்."

பஞ்சாட்சரம் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? சொந்தப் பொண்ணுன்னுகூடப் பார்க்காம நியாயத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு தாய். இத நாம பதிவு பண்ணணும். கைதட்டுங்க."

தட்டினார்கள். பொன்மணி டீச்சர் தட்டவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து வாசலில் தேசம்மாவின் தோளைத் தொட்டு, "அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாம்," என்று சொன்னாள். சொன்னவளுக்கே அது கேட்டதா தெரியவில்லை.

பொதுத்தேர்வு தொடங்கிய காலையில், எழுதப் போகும் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலில் ரோஜாப்பூ கொடுத்து வாழ்த்துவது தலைவியின் கடமையாக இருந்தது. தேசம்மா கொடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு, "நல்லா எழுதும்மா," என்றாள். வகுப்புக் கணக்குக்கு வாங்கியிருந்ததால் ஒரு பூ மிஞ்சியது. "பூவ வீணாக்கக் கூடாது, சமூகத்துக்குக் குடுத்துடுங்க," என்றார் மதிவாணன். பஞ்சாட்சரம் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியபோது ஜெனிதா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்தாங்களாம்மா? கயலு வந்தாளா? பஸ் கெடைச்சுதா அவளுக்கு?"

"வந்தா."

"உயிரியல் அன்னிக்கு இன்னா கேள்வி வந்துச்சின்னு மட்டும் கேட்டுக்கினு வந்துடும்மா."

கேட்டுக்கொண்டு வந்தாள். ஜெனிதாவுக்கு எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருந்தது. செதில் சீவியபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். தாயம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் கேலி செய்யவில்லை.

பள்ளிகள் திறந்த மாதத்தில் திட்டத்தின் அடுத்த கட்டம் வந்தது. பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளை வீதி வீதியாகத் தேடிப் போக வேண்டும். முன்னால் பேனர், பின்னால் மதிவாணன், கைக்குட்டையும் மூக்குமாகப் பஞ்சாட்சரம், பொன்மணி டீச்சர், தோளில் பட்டையும் கழுத்தில் அட்டையுமாகத் தலைவி தேசம்மா. மாதா சிலை வைத்த கெபியண்டை திரும்பிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். திரும்பவில்லை. நேரே மீன்கடை வரிசைக்குள் போனார்கள்.

தாயம்மா பார்த்தாள்.

மதிவாணன் ஒரு குடையின் முன் நின்றார். குடைக்கடியில் ஒரு பெண் சங்கரா மீன் சீவிக்கொண்டிருந்தாள். திட்டத்தில் சேர்ந்த நாள் முதல் மாணவி யாரையும் நேரில் சந்திக்கும் அவசியம் அவருக்கு ஏற்பட்டதில்லை.

"பாப்பா, ஸ்கூலுக்குப் போகல?"

"போய்க்கினு இருந்தேன் சார்."

"ஏன் நின்னுட்ட?"

ஜெனிதா நிமிர்ந்தாள். பேனரைப் பார்த்தாள், மூன்று கைகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். பட்டைக்கு மேலே இருந்த முகத்தை, வருகிற போகிற எவரையும் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"கடைல ஆளில்ல சார்."

"உங்கம்மா எங்க?"

"மீட்டிங்குக்குப் போயிருக்காங்க."

மதிவாணனுக்கு முகம் மலர்ந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? தாய் பொறுப்பாத்தான் இருக்காங்க. விழிப்புணர்வு வந்துடுச்சு. இனிமே நாம பிள்ளைங்ககிட்டதான் வேலை செய்யணும்." பிறகு, "தலைவி அம்மா, நீங்க ஒரு முன்மாதிரித் தாய். இந்தப் பொண்ணுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

பொன்மணி டீச்சர் கூடையிலிருந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேசம்மா முன்னால் வந்தாள். பிள்ளையிடம் பேசும்போது அதன் கண்மட்டத்துக்குக் குனிய வேண்டும் என்று அடையாறில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குந்தி உட்கார்ந்தாள். கல்வி என்று தொடங்க வேண்டும் என்பது நினைவிருந்தது.

"சாப்ட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல, மேடம்," என்றாள் ஜெனிதா.

"போதும், அருமை. ஒரு படம் எடுத்துக்கலாம்," என்றார் மதிவாணன். பள்ளியின் சார்பில் அவரும், சமூகத்தின் சார்பில் பஞ்சாட்சரமும், குடும்பத்தின் சார்பில் தேசம்மாவும் கடையைச் சுற்றி நின்று கைகளை நீட்டினார்கள். போனில் படம் எடுக்க வந்தவர் தலையசைத்தார். "கைங்க மறையுது சார்."

"பாப்பா, நீ கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்கோ."

ஜெனிதா கத்தியோடு எழுந்து குடையை விட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள். வெயில் நேரே அவள் முகத்தில் அடித்தது. குடையைச் சற்றே அந்தப் பக்கம் சாய்த்துவிடத் தேசம்மாவின் கை தானாகக் கம்பியை நோக்கி எழுந்தது. கம்பியை எட்ட முடியவில்லை. மணிக்கட்டை மதிவாணன் பிடித்திருந்தார். இந்த முறை பிடி இறுக்கமாக அமைந்திருந்தது.